ஊக்கு குத்தாத துப்பட்டா

"குனிங்க. கீழ கிடக்கிற அந்த நூல்கண்ட எடுங்க. இப்ப பின்னால யாரோ கூப்பிட்ட மாதிரி சட்டுனு திரும்புங்க."

வந்திருந்தவள் ஒரு நர்ஸ். துப்பட்டா தைக்கக் கொடுக்க வந்தவளே தவிர உடற்பயிற்சி செய்ய வந்தவள் அல்ல. ஆனாலும் குனிந்தாள், எடுத்தாள், திரும்பினாள். தோளில் கிடந்த துணி வழுக்கிக்கொண்டு முழங்கைக்கு வந்துவிட்டது. தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் உதட்டைப் பிதுக்கினாள். "இது உங்க வேலைக்கு ஆகாதும்மா. சும்மா உக்காந்து போட்டோ எடுத்துக்கிறவங்களுக்குத்தான் இது லாயக்கு" என்று சொல்லி அந்தத் துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, இன்னொன்றை உதறி அவள் தோளில் போட்டாள். நர்ஸ் மறுபடியும் குனிந்தாள்.

தெருவில் இந்தத் தையல்காரிக்குத் துப்பட்டாக்கா என்று பெயர். சுடிதார், ரவிக்கை, பாவாடை எதையும் தொட மாட்டாள். கேட்டால், அதற்கெல்லாம் நாலு தெருவிலும் ஆள் இருக்கிறது என்பாள். துப்பட்டாவில் தைக்க என்ன இருக்கிறது, இரண்டரை மீட்டர் துணியை வெட்டி நாலு ஓரமும் மடித்து அடித்தால் கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் அவளிடம் ஒருமுறை வாயைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மீண்டு வர அரை நாள் ஆகும்.

அவளுக்கு ஜென்மப் பகை என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஊக்கு. "ஊக்கு குத்தினாத்தான் நிக்கும்னா அது துப்பட்டா இல்ல. செவுத்துல ஒட்டுற நோட்டீசு" என்பாள். முதல்முறை வருகிறவர்களின் தோளிலிருந்து ஊக்கைத் தானே கழற்றி, மெஷின் மேலிருக்கும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுவிடுவாள். திருப்பிக் கேட்டால் கொடுக்க மாட்டாள். பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. வேட்டைக்காரன் புலித்தலையை மாட்டி வைத்திருப்பதுபோல அதை எல்லாருடைய கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறாள்.

அவள் சாஸ்திரம் எளிமையானது. உலகத்தில் யாருக்கும் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. பை தூக்குகிறவளுக்கு ஒரு பக்கம் இறங்கியிருக்கும், பிள்ளை தூக்குகிறவளுக்கு மறுபக்கம். துணி எப்போதும் தாழ்ந்த பக்கம்தான் ஓடும். அதனால் உயர்ந்த தோளின் பக்கத்து நுனியை அகலமாக மடித்து அடித்து, அங்கே கொஞ்சம் கனம் கூட்டுவாள். மற்ற நுனியைப் புருவம் மாதிரி மெல்லிசாகச் சுருட்டி அடிப்பாள். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது ஆளின் வேலையைப் பொறுத்தது. அதற்குத்தான் அந்தக் குனிதலும் திரும்புதலும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவளை ஸ்டூலில் உட்காரவைத்துக் கையை நீட்டச் சொல்வாள். சமையல் வேலை செய்கிறவளை இல்லாத குழம்பைக் கிளறச் சொல்வாள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் கோபித்துக்கொள்வாள்.

அவளோடு துணிக்கடைக்குப் போவது இன்னும் வேடிக்கை. கடைக்காரர் மேசையில் விரித்துக் காட்டும் அழகை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. துணியின் மூலையைக் கைக்குள் கசக்கிப் பிடித்து விட்டுப் பார்ப்பாள். தன் சட்டைக் கையோடு சேர்த்துத் தேய்ப்பாள். பருத்தி பருத்தியைப் பிடித்துக்கொள்ளும். வழுவழுப்பின்மேல் வழுவழுப்பைப் போட்டால் இரண்டும் ஆளை விட்டு ஓடிவிடும். அப்புறம் துணியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவாள், வெயிலில் நிறம் பார்க்க. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதைத் தண்ணீரில் முக்கிக் கஞ்சியை எடுப்பது. "கஞ்சி போட்ட துணி புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பாத்தான் நிக்கும். ஒரு தண்ணி பட்டாத்தான் குணம் தெரியும்" என்று அவள் சொல்லும்போது உள்ளறையில் அவள் கணவன் இருமுவான்.

இப்படி ஊரையே ஊக்கில்லாமல் நடக்கவைத்தவளுக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் எதிர்க்கட்சி இருந்தது. மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி, அதாவது கணவனின் அண்ணன் மனைவி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூத்தவள் என்பதால் அதிகாரம் இயல்பாகவே உண்டு. டீச்சர் என்பதால் குரலும் உண்டு. வீட்டிலேயே ஒருத்தி துப்பட்டா தைத்துக்கொண்டிருக்க, அவள் கடையில் ரெடிமேடாக வாங்குவாள். வாங்கி, மொடமொடவென்று கஞ்சி போட்டு, தோளுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றாக ஊக்கு குத்திக்கொள்வாள். தினமும் காலையில் படியிறங்கிவந்து மெஷின் பக்கத்தில் நின்று ஊக்கைச் சரிசெய்துகொண்டுதான் போவாள். அதை மாடியிலேயே செய்துவிட்டு வரலாம். செய்ய மாட்டாள்.

இருவருக்கும் சண்டை என்று சொல்ல முடியாது, சமாதானம் என்றும் சொல்ல முடியாது. மொட்டைமாடிக் கொடியில் வெயில் நன்றாக விழும் பக்கம் யாருக்கு என்பதில் வருஷக்கணக்காக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வந்துவிட்டால் பேச விஷயம் இருக்காது என்று இருவருக்கும் தெரியும்.

அந்த மூத்தவளுக்குத்தான் மார்பில் கட்டி வந்தது. வலது பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு மருந்து, பிறகு முடி கொட்டியது, பிறகு முளைத்தது. எல்லாம் முடிந்து, இனி பயமில்லை, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியை போன் செய்து திங்கட்கிழமை வந்துவிடும்படி சொன்னாள். மூத்தவள் போகமாட்டேன் என்றுவிட்டாள். அந்தத் திங்களுக்கும் வராவிட்டால் அவள் வகுப்புகளுக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்பது தெரிந்துதான் சொன்னாள்.

காரணத்தை அவள் தன் கணவனிடம் சொன்னாள். கணவன் தம்பியிடம் சொன்னான். தம்பி தன் மனைவியிடம் சொன்னான். அந்த வீட்டில் செய்திகள் படியிறங்கி வரும் வழி அது. மூத்தவள் வீட்டுக்குள்ளேயே ஒருநாள் ஒத்திகை பார்த்திருக்கிறாள். சுடிதார் போட்டு, வழக்கம்போல ஊக்கு குத்தி, கூடத்தில் நடந்திருக்கிறாள். கணவன்தான் பார்த்தான், துணியில் ரத்தப்பொட்டு. ஆபரேஷன் செய்த பக்கம் தோல் மரத்துப்போயிருந்தது. ஊக்கு சதையில் குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை. அந்தப் பக்கம் சின்னக் காயம்கூடப் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊக்கில்லாமல் போட்டால் துணி தட்டையாகிவிட்ட பக்கத்துக்கே சரிந்துகொண்டிருந்தது. உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த பஞ்சுத் திண்டோ, கையைத் தூக்கினால் கழுத்துக்கு ஏறியது. எந்நேரமும் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரும்பலகையில் எப்படி எழுதுவது, அத்தனை பிள்ளைகள் முன்னால் திரும்பி நிற்பது எப்படி என்று கேட்டிருக்கிறாள்.

துப்பட்டாக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மாடிப்படியில் மூத்தவளின் செருப்புச் சத்தம் இல்லாத காலைகள் அவளுக்கு உப்பில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தன. சண்டை பிடிக்க ஆள் இல்லாத வீடு என்ன வீடு? கைவேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். தடித்த பருத்தி, காப்பிக்கொட்டை நிறம், சாதாரண அகலத்துக்கு ஒன்றரை மடங்கு. நாலு பக்கமும் பட்டையாக மடிப்பு. புயலடித்தாலும் நகராது, வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் ஊடே எதுவும் தெரியாது. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டு கணவன் கையில் கொடுத்து மாடிக்கு அனுப்பினாள்.

துணி போன வேகத்தில் திரும்பிவந்தது. இந்தமுறை மூத்தவளே கொண்டுவந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் செருப்புச் சத்தம்.

"இது துப்பட்டாவா, போர்வையா?" என்று கேட்டாள். கத்தவில்லை. "என்னை இப்படியே மூடி வெச்சிரலாம்னு நீயும் நினைச்சுட்டியா?"

துணியை மெஷின் மேல் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டாள். துப்பட்டா வாங்க வந்து காத்திருந்த நர்ஸ்கூட, அது தயாரா என்று கேட்காமல் நழுவிவிட்டாள்.

அந்தக் காப்பிக்கொட்டைத் துணியை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்த துப்பட்டாக்காவுக்கு ஒன்று உறைத்தது. தெருவிலிருக்கும் அத்தனை பெண்களையும் குனியவும் நிமிரவும் வைத்தவள், மூத்தவளிடம் மட்டும் அதைக் கேட்கவே இல்லை. டீச்சர் என்ன செய்வாள், கை எவ்வளவு தூரம் போகும், எந்தப் பக்கம் திரும்புவாள், எதுவும் கேட்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். ஏன் கேட்கவில்லை என்று யோசித்தபோது இன்னும் வெட்கமாகிவிட்டது. மூத்தவள் இனி வேலைக்குப் போகப்போவதில்லை என்று அவளும் மனசுக்குள் முடிவுகட்டிவிட்டிருந்தாள். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்குத்தான் அதை அளவெடுத்துத் தைத்திருந்தாள்.

அவள் மாடிப்படி ஏறினாள். கதவருகே நின்றபடியே, "நான் செஞ்சது தப்புதான் அக்கா. வாங்க, இந்த ஒரு தடவை துணிய நீங்களே எடுங்க" என்றாள். மூத்தவள் கட்டிலில் உட்கார்ந்து வெந்தயம் பொறுக்குவதுபோல வெகு கவனமாக எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் மூத்தவள் கீழே வந்தாள். மெஷின் சத்தத்தில் கண்ணயர முடியவில்லை என்று சொல்லத்தான் வந்ததாகச் சொன்னாள். மெஷின் அதுவரை ஓடவே இல்லை. துப்பட்டாக்கா அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வெட்டுத்துணிக் குவியலை மேசையிலிருந்து தரையில் சரித்துவிட்டு நூல் கோக்க ஆரம்பித்தாள். கோத்த நூலை உருவி மறுபடி கோத்தாள்.

மூத்தவள் முதலில் நின்றுகொண்டு பார்த்தாள். பிறகு குனிந்தாள். பிறகு உட்கார்ந்தே விட்டாள். கருநீலத்தைத் தள்ளினாள், சாம்பலைத் தள்ளினாள், தடிப்பானவற்றையெல்லாம் தொடாமலே தள்ளினாள். கடைசியில் அடியிலிருந்து ஒன்றை உருவினாள். எலுமிச்சை மஞ்சளில் ஒரு மல் துணி. ஊதினால் போய்விடும், அவ்வளவு மெலிசு.

துப்பட்டாக்காவுக்குத் திக்கென்றது. தன் தொழிலில் அவள் முதலில் தள்ளிவைக்கும் ரகம் அது. "அக்கா, இது சும்மாவே பறக்கும்" என்று மெல்ல இழுத்தாள்.

"எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. நிக்கவைக்கிறது உன் பாடு. ஊரெல்லாம் பீத்திக்கிறயே."

அதற்குமேல் என்ன சொல்வது? துணியைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்து, மூத்தவளின் தோளில் போட்டு, கையில் தையல் சாக்பீஸைக் கொடுத்தாள். அறையின் வெறும் சுவரைக் காட்டி, பாடம் நடத்துங்கள் என்றாள். மூத்தவள் முறைத்தாள். நர்ஸ் வேறு தன் துப்பட்டாவுக்காக மறுபடி வந்து உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாதவள் முன்னால் மூத்தவளின் கை நெஞ்சுக்குப் போயிற்று. பிறகு நெஞ்சு உயரத்தில், கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டே இரண்டு பின்னங்களை எழுதினாள். மூன்றில் ஒரு பங்கையும் ஆறில் ஒரு பங்கையும் கூட்டினால் என்ன வரும் என்று சுரத்தில்லாமல் கேட்டாள்.

"ஒம்போதுல ரெண்டு" என்றாள் துப்பட்டாக்கா.

மூத்தவள் திரும்பினாள். திரும்பிய வேகத்தில் துப்பட்டா சரிந்ததை அவள் கவனிக்கவே இல்லை. "எப்படி ஒம்போது? மேலயும் கீழயும் அப்படியே கூட்டிருவியா? துணி வெட்டுற கைதானே இது?" பழைய குரல். வகுப்பின் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டும் குரல். நர்ஸ் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூத்தவள் எழுதியதை அழித்து, பெரியதாக ஒரு கட்டம் போட்டு, அதை மூன்றாகப் பிரித்து, ஆறாகப் பிரித்து, இடமில்லாமல் மேலே போனாள். கை தோளைத் தாண்டியது. முகம் சுளித்தது. நிறுத்திக்கொண்டாள். மூச்சு விட்டுவிட்டு மறுபடி கொண்டுபோனாள். கையை நாள்தோறும் உயர்த்திப் பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். வெளியே போகாதவளுக்குக் கை எதற்கு என்று அதையும் விட்டிருந்தாள்.

துப்பட்டாக்கா கணக்கைப் பார்க்கவில்லை. துணி எங்கே கிளம்புகிறது, எங்கே தங்குகிறது என்று பின்னாலேயே நடந்து சாக்பீஸால் குறி வைத்துக்கொண்டிருந்தாள். கணக்கை அவள் தெரியாமல்தான் தப்பாகச் சொன்னாளா என்று நர்ஸ் பிற்பாடு கேட்டதற்கு, தான் படித்த லட்சணம் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாள். அரை மீட்டர் துணியை மூன்றாகவும் ஆறாகவும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறவள் அவள்.

குறி வைத்தாயிற்று. இனி வெட்டவேண்டியதுதான். கத்திரியை எடுத்தவள் தயங்கினாள். இந்தமுறை கேட்டுவிடுவது என்று கேட்டேவிட்டாள்.

"அக்கா, அந்தப் பக்கம் உள்பக்கமா ஒரு மடிப்பு கொடுத்தா, எடுத்தது வெளிய தெரியாது. கொடுக்கவா?"

மூத்தவள் சுவரிலிருந்த கட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம்" என்றாள். "பிள்ளைங்க முதல் நாள் பாப்பாங்க. ரெண்டாம் நாளும் பாப்பாங்க. அப்புறம் கணக்கத் தப்பாப் போட்டா நான் அவங்கள பாப்பேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். துப்பட்டாக்காவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது. நூல் அறுந்துவிட்டதுபோலத் தலைகுனிந்து மெஷினுக்கு அடியில் தேடினாள்.

அந்த மெலிந்த துணியை நிற்கவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தைத்தாள், போட்டுப் பார்த்தாள், பிரித்தாள். கடைசியில் தோள் படும் இடத்தில், உள்பக்கமாக, சொரசொரப்பான பருத்திப் பட்டை ஒன்றை விரலகலத்துக்கு வைத்துத் தைத்தாள். அது சுடிதாரைப் பிடித்துக்கொண்டது, தோலைத் தொடவில்லை. இடப்பக்க நுனியை இரட்டையாக மடித்து அடித்துக் கனம் கொடுத்தாள். வலப்பக்க நுனியை அடித்தது தெரியாத அளவுக்கு மெல்லிசாகச் சுருட்டினாள். காப்பிக்கொட்டைத் துணியை என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? மெஷினுக்கு உறை தைத்துவிட்டாள். மூடிவைக்க அது நல்ல துணிதான்.

திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டில் எல்லாருக்கும் திடீரென்று வேலை அதிகமாகிவிட்டது. அண்ணன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். தம்பி துடைத்த பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். மூத்தவள் படியிறங்கி வந்தாள். மஞ்சள் துப்பட்டா, கையில் பை. பைக்கில் கொண்டுவிடவா என்று அண்ணன் கேட்டதற்கு, எப்போதும்போல பஸ்தான் என்றுவிட்டாள். மெஷின் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள். சரிசெய்ய எதுவும் இல்லை.

"வெயில் பக்கம் என் துணி காயுது. தள்ளிப் போட்டுடாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

துப்பட்டாக்கா மெஷினை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனாள். எதிரே தெருமுனையில் பஸ் நிறுத்தம். அங்கே நின்றவர்களில் இரண்டு பேர் மூத்தவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு அவளை உரசுவதுபோலக் கடந்தது. மஞ்சள் துணி எழும்பிப் படபடத்தது. ஜன்னலுக்குள் துப்பட்டாக்காவின் கை அவளைக் கேட்காமலே அவள் நெஞ்சின்மேல் போய் அழுத்திக்கொண்டது.

தெருவில் மூத்தவளின் கை நெஞ்சுக்குப் போகவில்லை. பஸ் நிற்காமல் போய்விடும் போலிருந்தது. வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி அவள் அதை நிறுத்திக்கொண்டிருந்தாள்.